துயருலகக் கதையில் ‘நான்’

தமிழ் மன்றத்தின் சிறுகதைப் போட்டிக்கென நான் எழுதிய கதையொன்றைப் போட்டிக்கு அனுப்புமுன் எம் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் இரண்டு நாள் கழித்து அதைத் திருப்பித் தந்தபோது, முதல் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரே ஒரு வினா எழுதப்பட்டிருந்தது. ‘இவன் யாரிடம் பேசுகிறான்?’ என்பதே அவ்வினா. சந்திப் பிழை, ஒற்றுப் பிழை எதையும் அவர் திருத்தவில்லை. பிழைகள் இருந்தன என்பதை நான் அறிவேன். அவ்வொரு வினாவுக்கு விடை தேடப் புகுந்து படித்தவற்றையே இங்குக் கட்டுரையாக்கித் தருகிறேன்.

கதை இதுதான். காலம் 2080. பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் இறங்கி, நெல்லையைக் கடந்து, புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் நம் தாமிரபரணி, ஒரு கால்வாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆற்று நீர் அட்டைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கப்படுகிறது. குறுக்குத்துறைப் படித்துறையில் மக்கள் குடங்களோடு வரிசையில் நிற்கிறார்கள். கதையைச் சொல்பவன் அவ்வரிசையில் நிற்கும் ஓர் இளைஞன். அவன் கொதிக்கிறான். ஆறு எப்படி வற்றியது, மணல் எப்படிப் போயிற்று, யார் யார் குற்றவாளிகள் என்று இரண்டரைப் பக்கம் விளக்குகிறான். முடிவில் குடத்தைப் போட்டு உடைக்கிறான். எழுதி முடித்த இரவு எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இத்தகைய கதைகளை ஆங்கிலத்தில் ‘டிஸ்டோபியா’ என்னும் வகையில் அடக்குவர். தாமஸ் மோர் 1516-இல் ‘யுடோப்பியா’ என்னும் நூலில் ஓர் இலட்சியத் தீவைப் படைத்தார். அதற்கு எதிர்மறையாக, மனிதர் வாழத் தகாத வண்ணம் ஒழுங்கு செய்யப்பட்ட உலகைக் குறிக்கும் சொல்லை, 1868-இல் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் பயன்படுத்தினார். தமிழில் பலர் பலவாறு பெயர்த்துள்ளனர். நான் ‘துயருலகம்’ என்றே இக்கட்டுரையில் வழங்குகிறேன். ‘ஒழுங்கு செய்யப்பட்ட’ என்னும் சொல்லை நண்பர்கள் கவனிக்க வேண்டும். வெள்ளமும் பஞ்சமும் துயரமே ஆயினும் அவை துயருலகம் ஆகா. பஞ்சத்தில் யாருக்கு எத்தனை படி என்று ஒருவர் ஏடு போட்டு எழுதத் தொடங்கும்போதுதான் துயருலகம் பிறக்கிறது.

இனிப் பேராசிரியரின் வினாவுக்கு வருவோம். அவர் கேட்டது புதுமையான வினா அன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளின் உறுப்புக்களை எண்ணும்போது கூற்று, கேட்போர், களன், காலம் என்று அடுத்தடுத்து வைத்தார். சொல்வோன் ஒருவன் உண்டென்றால் கேட்போன் ஒருவனும் உண்டு. அவர்கள் நிற்கும் இடமும் பொழுதும் உண்டு. நம் அகப்பாடல்கள் எல்லாமே இம்முறையில் அமைந்தவை. தலைவி சொல்வாள், தோழி கேட்பாள். அல்லது தோழிக்குச் சொல்வதுபோலச் சிறைப்புறத்தே நிற்கும் தலைவனுக்குச் சொல்வாள். புலவர் தம் குரலில் அங்கே பேசுவதில்லை. மேலைநாட்டுத் திறனாய்வாளர் ‘நோக்குநிலை’ என்று இன்று விரித்துரைக்கும் செய்தியில் ஒரு பெரும் பகுதி, நாம் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்து தேர்வெழுதி மறந்துவிட்ட செய்திதான். அதே பட்டியலில் ‘எச்சம்’ என்றும் ‘முன்னம்’ என்றும் இரண்டு உறுப்புக்கள் உள்ளன. சொல்லாமல் விட்டதைக் கேட்போர் நிரப்பிக்கொள்வது எச்சம். இதை இன்னார் இன்னார்க்குச் சொல்கிறார் என்று குறிப்பால் உணர வைப்பது முன்னம். துயருலகக் கதையைத் தன்மைக் கூற்றில் எழுதப் புகுவோர்க்கு இவ்விரண்டையும்விடச் சிறந்த கருவி வேறில்லை என்பது என் துணிபு.

என் கதையில் எச்சமே இல்லை. அந்த இளைஞன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தன்னோடு வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரிந்ததையே அவன் இரண்டரைப் பக்கம் சொன்னான். 2080-இல் வாழும் ஒருவன், 2080-இல் தண்ணீருக்கு அட்டை உண்டு என்பதை யாருக்கு விளக்குவான்? நாம் யாரேனும் வீட்டில் உட்கார்ந்து, ‘இதோ இருப்பது மின்விசிறி, பொத்தானை அழுத்தினால் சுழலும்’ என்று எழுதுவோமா? அவன் உண்மையில் பேசியது இன்றைய வாசகரிடம். எனவே அவன் 2080-இன் மனிதன் அல்லன். வேறு சட்டை போட்டுக்கொண்டு நின்ற நானே.

நம் ஊர்ப் பெரும் படைப்பாளி இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார் என்று பார்க்க விரும்பினேன். நெல்லை இந்துக் கல்லூரியில் பயின்று 1931-இல் பட்டம் பெற்ற புதுமைப்பித்தன், 1934-இல் ‘மணிக்கொடி’யில் எழுதிய ‘பொன்னகரம்’ நாமெல்லோரும் படித்த கதை. அது எதிர்காலக் கதை அன்று. சென்னைச் சந்தொன்றின் நிகழ்காலக் கதை. ஆனால் தலைப்பைப் பாருங்கள். ஓர் இலட்சிய நகரின் பெயரைச் சூட்டி, அதன் கீழே அதற்கு நேர் எதிரானதை வைத்திருக்கிறார். துயருலகக் கதையின் இலக்கணம் முழுவதும் அத்தலைப்பிலேயே அடங்கிவிட்டது எனலாம். அம்மாளு ஆலைக்கு வேலைக்குப் போகிறவள். கணவன் முருகேசன் குதிரை வண்டி ஓட்டுபவன். குடித்துவிட்டு வண்டியை விரட்டி அடிபட்டுக் கிடக்கிறான். பால் கஞ்சிக்கு வழியில்லை. இருட்டில் ஒருவனோடு போய் அவள் முக்கால் ரூபாய் சம்பாதித்து வருகிறாள். கதை அவ்வளவே.

இக்கதையின் சொல்வோன் யார்? அவனுக்குப் பெயரில்லை, கதையில் வேலையுமில்லை. ஆயினும் அவன் படர்க்கையில் ஒதுங்கி நிற்பவன் அல்லன். தொடக்கத்திலேயே நம்மைப் பார்த்து, அந்நகரைப் பற்றி அறிவோமா என்று வினவுகிறான். வழிகாட்டிபோல முன்னே நடந்து சந்தைக் காட்டுகிறான். முடிவில் கற்பைப் பற்றிக் கூவுகிறவர்களை நேருக்கு நேர் விளித்துவிட்டுப் போய்விடுகிறான். ‘நான்’ என்று தன்னை நாட்டாமலேயே ‘நீங்கள்’ என்று நம்மை நாட்டிவிடுகிறான். முன்னிலை ஒன்று வந்துவிட்டால் தன்மை தானே வந்துவிடும் என்பது இலக்கணம் படித்த நமக்குத் தெரியும். ‘இவன் யாரிடம் பேசுகிறான்?’ என்ற வினாவுக்குப் ‘பொன்னகர’த்தில் விடை ஐயமின்றி இருக்கிறது. அந்தச் சந்துக்குள் ஒருநாளும் கால் வைக்காத, மணிக்கொடி வாங்கிப் படிக்கக்கூடிய மனிதர்களிடம் பேசுகிறான்.

இதே கதையை அம்மாளு சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுதிப் பார்த்தேன். (பயிற்சிக்காகத்தான், அதை யாரிடமும் காட்டப் போவதில்லை.) முதலில் தலைப்பு விழுந்துவிட்டது. தான் வாழும் இடத்தைப் பொன்னகரம் என்று கேலி செய்ய அவளுக்கு நேரமில்லை. அடுத்துக் கற்பு பற்றிய முடிவு விழுந்துவிட்டது. எஞ்சியவை பால், விலை, இருட்டு, கணவனின் முனகல். வாசகர் தாமே வெகுண்டாலொழியக் கதையில் வெகுளி இல்லை. புதுமைப்பித்தன் செய்தது தவறு என்று சொல்ல நான் யார்? 1934-இன் கேட்போருக்கு அந்த அறை வேண்டியிருந்தது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. வழிகாட்டியோடு உள்ளே போனவர்கள் வழிகாட்டியோடு வெளியே வந்துவிடுகிறோம். அவன்மீதும் சேறு படவில்லை, நம்மீதும் படவில்லை. என் கதையில் குடத்தை உடைத்த இளைஞன்மீதும் பட்டிருக்கவில்லை.

சேறு படிந்த ‘நான்’ எப்படிப் பேசும் என்பதை எனக்குக் காட்டியது அர்ஜெண்டினா நாட்டு எழுத்தாளர் போர்ஹே 1941-இல் எழுதிய ‘பாபிலோனில் லாட்டரி’ என்னும் சிறுகதை. அந்நகரில் லாட்டரி முதலில் வெறும் பணப் பரிசாகத் தொடங்குகிறது. பிறகு பரிசோடு தண்டனையும் சேர்கிறது. முடிவில் எவன் பதவி பெறுவான், எவன் சிறை புகுவான், எவன் சாவான் என்பதெல்லாம் ‘கம்பெனி’ நடத்தும் குலுக்கலுக்கு உட்பட்டுவிடுகின்றன. இதைச் சொல்பவன் அந்நகரத்தான். உயர் பதவியும் வகித்தவன், அடிமையாகவும் இருந்தவன். அவன் வலக்கையில் சுட்டுவிரல் இல்லை. அவன் அதைக் காட்டுகிறான், ஆனால் அழுவதில்லை. பிற நாட்டார்க்கு லாட்டரி இல்லை என்பதே அவனுக்கு வியப்பாக இருக்கிறது! நடுவே, தானும் எதையேனும் மறைத்தோ மாற்றியோ சொல்லியிருக்கலாம் என்று போகிற போக்கில் ஒப்புக்கொள்கிறான். அவன் ஊரைவிட்டு வெளியே இருக்கிறான், கப்பல் புறப்படப் போகிறது, நேரம் குறைவு. அதனால்தான் அயலார்க்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்போர், களன், காலம் மூன்றும் ஒரு சிறு குறிப்பில் அமைந்துவிட்டன. நான் இரண்டரைப் பக்கம் எழுதியும் அமைக்காதது இது.

இக்கதையை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று புலப்பட்டது. அஞ்ச வேண்டிய இடத்தில் சொல்வோன் அஞ்சுவதில்லை. அவன் அஞ்சாத இடத்தில் நாம் அஞ்சுகிறோம். அவன் குரலின் அமைதியே துயருலகம். இளைஞன் ஒருவனைக் கொதிக்க வைத்ததன் மூலம் நான் வாசகரின் வேலையை நானே செய்துவிட்டேன். அவர்களுக்குக் கொதிக்க ஒன்றும் மிச்சமில்லை.

ருஷ்ய எழுத்தாளர் சம்யாத்தின் 1920-21-இல் எழுதிய ‘நாம்’ என்னும் நாவலை விரித்துரைக்க இங்கு இடமில்லை. அது சிறுகதையும் அன்று. ஆயினும் அதன் இறுதியை மட்டும் சொல்லாதிருக்க முடியவில்லை. டி-503 என்னும் எண்ணையே பெயராகக் கொண்ட பொறியாளன் நாட்குறிப்பு எழுதிவருகிறான். அரசை வாழ்த்தித் தொடங்கி, காதலாலும் ஐயத்தாலும் கலங்கி, முடிவில் அறுவை மருத்துவத்தால் கற்பனை நீக்கப்பெற்று அதே கையெழுத்தில் அமைதியாக எழுதி முடிக்கிறான். ‘நான்’ இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. ஆர்வெல் 1949-இல் ‘1984’ஐப் படர்க்கையில் எழுதினார். அவருக்கு வேறு தேவை இருந்தது. நம் புதுமைப்பித்தனும் ‘மனித யந்திரம்’ கதையில் கடைக் கணக்கர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் படர்க்கையிலேயே வைத்தார். யந்திரம் தன்னை யந்திரம் என்று சொல்லிக்கொள்ளாதல்லவா?

சென்னையில் அச்சான ஒரு கதையும் இங்கு எண்ணத்தக்கது. வங்கத்துப் பெண்மணி ரொக்கையா சகாவத் ஹுசேன் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’, சென்னையிலிருந்து வெளிவந்த ‘தி இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில் 1905-இல் வெளியாயிற்று. இதுவும் தன்மைக் கூற்று. சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்த ஒருத்தி, பெண்கள் ஆளும் நாடொன்றில் உலவுகிறாள். அங்கு ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். வெயிலைச் சேமித்துச் சமைக்கிறார்கள். மேகத்திலிருந்து பலூன் கொண்டு நீரை இறக்குகிறார்கள். பிறகு விழித்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். இது இன்பவுலகக் கதையாயிற்றே, இங்கு ஏன் என்று கேட்கலாம். அந்தப் பெண் அந்நாட்டுத் தெருவில் நடக்கும்போது பகலில் முகம் மூடாமல் நடக்கக் கூசுகிறாள். அங்கே அவளைப் பார்க்க ஓர் ஆணும் இல்லை. ஆயினும் கால் தயங்குகிறது. அந்தக் கூச்சத்தை அவள் தன்னோடு கொண்டுவந்திருக்கிறாள். படர்க்கையில் ‘அவள் கூசினாள்’ என்றால் அது ஒரு செய்தி. ‘நான்’ கூசும்போது, அவள் எங்கிருந்து வந்தாளோ அந்த அறை முழுவதும் கண்முன் வருகிறது. கதை வருணிக்காமல் விட்ட அந்த அறைதான் துயருலகம். இதைவிடச் சிறந்த எச்சத்தை நான் படித்ததில்லை. எங்கள் வகுப்புத் தோழியர் பலருக்கு அந்தத் தயக்கத்தை விளக்க வேண்டியதே இருக்காது.

இவ்வளவும் படித்தபின் கதையை மீண்டும் எழுத உட்கார்ந்தேன். யாருடைய ‘நான்’ என்பதே முதல் சிக்கல். கதையைக் கொக்கிரகுளத்துக்கு மாற்றலாமா என்று ஒருகணம் நினைத்தேன். ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டி ஆறு ஓடுகிறது; வரிசைக்கும் காவலுக்கும் பொருத்தமான இடம். ஆனால் 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டு ஊர்வலமாக வந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் அவர்களுக்குத் துணைநின்றவர்களும் தடியடிக்கு அஞ்சி ஆற்றில் இறங்க நேர்ந்து, 17 பேர் உயிரிழந்த இடம் அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ‘துன்பக்கேணி’ எழுதிய புதுமைப்பித்தன்கூட, நம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து அங்குப் போன மருதியை ‘நான்’ என்று பேச வைக்கவில்லை, படர்க்கையில் நின்றார். அவ்விடத்து ‘நான்’ அங்கே நின்றவர்களுக்கு உரியது. நான் அதை எடுத்து அணிந்துகொள்வது முறையாகாது என்று தோன்றவே, குறுக்குத்துறையிலேயே இருந்துவிட்டேன்.

வரிசையில் நிற்பவனை விட்டுவிட்டு, அளந்து ஊற்றுகிறவனைச் சொல்வோன் ஆக்கினேன். அவன் நல்லவன். அளவு தவறாதவன். படித்துறையில் இருபது ஆண்டு ஊற்றியும் ஒரு சொட்டுச் சிந்தாதவன் என்று பெயரெடுத்தவன். ஓர் ஆச்சி நடுங்கும் கையோடு, “ஏ ஐயா, ஒரு செம்பு சேத்து ஊத்துய்யா, பேத்தி புள்ளத்தாச்சியா இருக்கா” என்கிறாள். அவன் ஊற்றவில்லை. ஊற்றாததை ஏட்டில் குறிக்கிறான், தன் நேர்மைக்குச் சான்றாக. மாலையில் வீட்டுக்குப் போகிறான். அவன் வீட்டுத் தொட்டி நிறைந்திருக்கிறது. ஏன் நிறைந்திருக்கிறது என்று அவன் சொல்வதில்லை; அளப்போர் வீட்டுத் தொட்டி நிறைந்திருப்பது அவ்வூர் வழக்கம். வழக்கத்தை யார் விளக்குவார்?

அந்தத் தொட்டியை எழுதும்போது என் பேனா நின்றது. அது எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் விடும் நேரத்தில் நாங்கள் மோட்டார் போட்டு இழுக்கிறோம். தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். மேட்டில் இருக்கும் கடைசி நான்கு வீடுகளுக்கு நூல் போல வரும், சில நாள் அதுவும் வராது. அவர்கள் குடத்தோடு எங்கள் வாசலுக்கு வருவார்கள். அம்மா இரண்டு குடம் நிரப்பி அனுப்புவாள். அதை நாங்கள் உதவி என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தோம். நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள். முதல் கதையில் நான் ஏன் கொதிக்கும் இளைஞனைத் தேர்ந்தேன் என்பது அப்போது விளங்கிற்று. அவன் வரிசையில் நின்றான். குற்றவாளிகள் எல்லோரும் வேறெங்கோ இருந்தார்கள். தன்மைக் கூற்று எழுதுவோனை இப்படி ஏமாற்றவும் வல்லது. ‘நான்’ என்று எழுதினாலே உண்மையைச் சொல்லிவிட்டதாக ஒரு மயக்கம் வருகிறது. ‘காஞ்சனை’யில் புதுமைப்பித்தன் ஓர் எழுத்தாளனையே ‘நான்’ ஆக்கி, அவன் கண்டது மெய்யா பொய்யா என்று நம்மைக் கடைசிவரை அலைக்கழித்தது வெறும் பேய்க்கதை விளையாட்டு அன்று என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டாம் கதையில் சொல்வோனின் கேட்போர் யார் என்பதையும் முடிவு செய்தேன். அவன் புதிதாக வேலைக்கு வந்த பையனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறான். குவளையை எப்படிப் பிடிப்பது, வரிசையை எப்படிப் பார்ப்பது, அழுகிறவர்களை எப்படிப் பார்க்காமலிருப்பது என்று அன்போடு சொல்லித்தருகிறான். விளக்கம் எல்லாம் அதில் தானே அடங்கிவிட்டது. இரண்டரைப் பக்கம் எட்டு வரியாயிற்று. குடம் உடையவில்லை.

போட்டிக்குரிய நாள் கடந்துவிட்டது. எனினும் பேராசிரியரிடம் மீண்டும் கொடுத்தேன். இம்முறை முதல் பக்க ஓரத்தில் ஒன்றும் இல்லை. சந்திப் பிழைகளை மட்டும் வரிசையாகத் திருத்தியிருந்தார். கடைசிப் பக்கத்தில், ‘ஒரு குடம் எட்டு லிட்டர் என்று எழுதியிருக்கிறாய். அளந்து பார்த்தாயா?’ என்று கேட்டிருந்தார். வீட்டுக்கு வந்து அம்மா கொடுத்தனுப்பும் பிளாஸ்டிக் குடத்தை எடுத்து, லிட்டர் குவளையால் அளந்து ஊற்றினேன். பதினான்கு கொண்டது. கதையில் எண்ணைத் திருத்தினேன். அளந்த தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல் குடத்தோடு சிறிது நேரம் முற்றத்தில் நின்றேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.